முதலில் அழைக்க வேண்டிய எண்

ஒரு விடுகதை. பத்துப் பேர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் யாராவது இரண்டு பேர் இடம் மாறி நின்றுவிட்டால் போதும், வேறு யாரோ வீட்டுக் கதவு தட்டப்படும். அது என்ன? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். பிருந்தாவுக்கு நிதானம் இல்லை. மடிக்கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "பல்லு" என்றாள். தரையில் குப்புறப் படுத்திருந்த தாரிணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். "பல்லு எப்படிம்மா இடம் மாறும்?" "உனக்கு மாறித்தானே முளைச்சுது." "அதுக்கும் கதவு தட்டறதுக்கும் என்ன சம்பந்தம்?" சம்பந்தம் இல்லைதான். பிருந்தாவுக்குத் தெரியும். நாலாம் வகுப்புச் சுவரிதழுக்காக இந்த வாரம் முழுக்கத் தாரிணி விடுகதை போட்டுக்கொண்டிருந்தாள், எல்லாமே அவளாகவே செய்தது, எதற்கும் பிருந்தா ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "நல்லா யோசி. பன்னண்டு மணி வரைக்கும் டைம்" என்றாள் மகள். பன்னிரண்டு மணி. இந்த வீட்டில் இன்றைக்கு எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு மணிதான்.

சனிக்கிழமை காலை பத்தே கால். கோயம்புத்தூர் கணபதியில் இரண்டாம் மாடி வீடு, சாப்பாட்டு மேஜை, ஆறிப்போன காபி. பிருந்தாவின் ஒரு காதில் ஹெட்செட் இருந்தது, இன்னொரு காது திறந்திருந்தது. ஒரு காது கம்பெனிக்கு, ஒரு காது மகளுக்கு என்று அவள் பிரித்து வைத்திருந்த ஏற்பாடு அது. இரண்டிலும் பாதிப் பாதிதான் விழுந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு முப்பத்தெட்டு சதவீதத்தில் நின்றது. நகர்கிறதா, நகர்வதாகக் காட்டுகிறதா என்று சொல்ல முடியாத கோடு. கிரைண்டர் கம்பெனி ஒன்றின் பன்னிரண்டு வருஷத்து வாடிக்கையாளர்கள், இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேர், பழைய மென்பொருளிலிருந்து புதிய மென்பொருளுக்குக் குடிபோகிறார்கள். பெயர், விலாசம், போன் நம்பர், எந்த மாடல், எப்போது கல் கொத்தினது, எப்போது பெல்ட் மாற்றினது, யார் திட்டினார்கள், எவ்வளவு திட்டினார்கள், எல்லாம். குடிமாற்றுகிற வேலை பிருந்தாவுடையது, இன்றைக்கு ஒத்திகை. மதியம் பன்னிரண்டுக்குள் ஒத்திகை சரியாக முடிந்தால் கம்பெனியின் சர்வீஸ் மேலாளர் பொன்னுச்சாமி சரி என்பார், நாளைக்கு நிஜமாகவே மாற்றலாம், திங்கட்கிழமை பதினொரு ஷோரூம்களும் புதியதில் திறக்கும். சரியாக முடியாவிட்டால், முடியாவிட்டால் என்ன, மறுபடி அடுத்த சனிக்கிழமை, மறுபடி இதே மேஜை. நான்கு சனிக்கிழமை ஆகிவிட்டது. முப்பத்தெட்டு. வீடு காலி செய்பவர்கள் பழைய செருப்பைக்கூட விடாமல் மூட்டை கட்டுவார்களே, அது மாதிரி இந்தக் கம்பெனி எதையும் விட்டுவர மாட்டேன் என்கிறது. செத்துப்போனவர்கள் வருகிறார்கள். 'அண்ணாச்சி கடைக்குப் பக்கத்து வீடு' என்று மட்டும் எழுதிய விலாசம் வருகிறது. எந்த அண்ணாச்சி, எந்த ஊர், ஒன்றும் கிடையாது, ஆனாலும் பன்னிரண்டு வருஷமாக யாரோ அந்த வீட்டுக்குப் போய்க் கல் கொத்திவிட்டு வந்திருக்கிறார்கள். எப்படிப் போனார்கள்?

தாரிணியின் முழங்கைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அந்தச் சீட்டு கிடந்தது. பிருந்தா அதைப் பார்க்கக் கூடாது என்று இருந்தாள், ஆகவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடமும் குடிபோகிறது, அதுவும் இதே வாரத்தில். இத்தனை நாள் ஒரு பெரிய பதிவேடு இருந்தது, அப்பா நம்பர், அம்மா நம்பர், இன்னும் இரண்டு வரி வேறு யாருக்கோ. இப்போது செயலி. செயலியில் ஒரே இடம்தான். 'முதலில் அழைக்க வேண்டிய எண்', அதன் கீழே பத்துக் கட்டங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், விழுந்துவிட்டாள் என்றால், வேன் வரவில்லை என்றால், அந்த எண்ணுக்குத்தான் போகும். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் நிரப்பிப் படம் எடுத்து வகுப்புக் குழுவில் அனுப்புங்கள் என்று டீச்சர் எழுதியிருந்தார். அலுவலக மிஸ்ஸிடம் பிருந்தா போனில் கேட்டுப் பார்த்தாள், இரண்டு நம்பர் தரலாமா என்று. "சாஃப்ட்வேர் எடுக்காதுங்க மேடம்" என்றார் அந்த அம்மா, சாஃப்ட்வேர் என்பது மழை மாதிரி எங்கிருந்தோ வருகிற சங்கதி என்பது போல. எங்கிருந்தும் வரவில்லை. யாரோ ஒருத்தி ஒரு மேஜையில் உட்கார்ந்து, ஒன்று போதும், ஒன்று இருந்தால்தான் சுத்தமாக இருக்கும் என்று தீர்மானித்திருக்கிறாள். பிருந்தாவுக்கு அவளை நன்றாகத் தெரியும். கிரைண்டர் கம்பெனிக்கு மூன்று போன் கட்டங்களை ஒன்றாகக் குறைத்தது பிருந்தாதான். ஒரு வாடிக்கையாளர், ஒரு எண், என்று திரையில் போட்டுக் காட்டினாள். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னுச்சாமி மட்டும் தட்டவில்லை, ஏன் தட்டவில்லை என்று அப்போது அவள் கேட்கவில்லை.

நாற்பத்தொன்று. போனில் மறுபடியும் ஜெகதீசனின் செய்தி. அவளுடைய கணவன், காகிதத்தில் இன்னும் கணவன், ஒன்றரை வருஷமாகத் திருப்பூரில் தனியாக இருக்கிறான், பனியன் கம்பெனியில் துணி சோதிக்கிற வேலை. 'எழுதிட்டாளா?' இன்னும் இல்லை. 'நீ சொல்லிக் குடுக்காதே.' நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்தொன்பது செய்திகள் போய்வந்திருந்தன இந்தப் பத்துக் கட்டங்களுக்காக. என் நம்பரைப் போடு, நீ எடுக்க மாட்டே என்று அவன் ஆரம்பித்தது. நீ மட்டும் எடுத்துக் கிழிச்சியா என்று இவள். நான் கோயமுத்தூருக்கு ஒரு மணி நேரத்துல வந்துருவேன். ஒரு மணி நேரத்துல பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறிடும். அப்படியே போய், கடைசியில் யாரோ ஒருவருக்கு அலுத்து, அவளையே கேட்போம், அவ என்ன எழுதறாளோ அதுதான், என்று முடிந்தது. ஒன்றரை வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம். ஒத்துக்கொண்டதிலிருந்து பிருந்தா அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடச் சீட்டுத்தானே என்று சொல்லிப் பார்த்தாள். இல்லை. ஒன்பது வயதுப் பெண் தன் கையெழுத்தில், கட்டத்துக்கு ஒரு எண்ணாக, எனக்கு ஒன்று என்றால் வருவது யார் என்று எழுதித் தரப்போகிறாள். காலையில் இட்லி வைக்கும்போது, "என் நம்பர் உனக்கு மனப்பாடமாத் தெரியுமில்ல?" என்று பிருந்தா கேட்டுவிட்டாள். சும்மா கேட்பது மாதிரிதான் கேட்டாள். தாரிணி அவளைப் பார்த்தாள். "ரெண்டு பேருதும் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சட்னியைத் தள்ளி வைத்தாள். சொல்லிக் கொடுக்கவில்லையாம். சொல்லிக் கொடுப்பது வேறு எப்படி இருக்கும்?

"அம்மணி, ஓடுதுங்களா?" ஹெட்செட்டுக்குள் பொன்னுச்சாமி. ஐம்பத்தேழு வயது, காந்திபுரம் ஷோரூமில் சேர்ந்து மேலாளர் ஆனவர், பேசும்போது பின்னால் எப்போதும் ஒரு கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். "ஓடுதுங்க சார். நாற்பத்தாறு." "போன வாரமும் நாப்பத்தாறு வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு." இவரிடம் கோபப்படவும் முடியாது. போன வாரம் ஐம்பத்திரண்டில் ஒரு பொள்ளாச்சிக்காரர் வந்து ஓட்டத்தை நிறுத்தினார். வேலுச்சாமி. மூன்று பெண்கள், மூன்று கல்யாணம், ஒவ்வொரு பெண்ணுக்கும் சீரில் ஒரு கிரைண்டர். பில் அப்பா பெயரில், நம்பர் அப்பா நம்பர், கிரைண்டர்கள் மட்டும் தாராபுரத்திலும் பல்லடத்திலும் உடுமலையிலும். ஒரே நம்பர் இருந்தால் ஒரே ஆள் என்று பிருந்தா எழுதிய விதி, மூன்று பெண்களையும் அப்பாவுக்குள் மடித்துப் போட்டு, கடைசியாக வந்த விலாசத்தை மட்டும் வைத்துக்கொண்டது. தாராபுரத்துப் பெண் கிரைண்டர் சுற்றவில்லை என்று கூப்பிட்டால் மெக்கானிக் உடுமலைக்குப் போய்க் கதவைத் தட்டுவார். இந்த ஊரில் யார் தனக்கென்று கிரைண்டர் வாங்குகிறார்கள், வாங்குகிறவர் ஒருவர், ஆட்டுகிறவர் ஒருவர், இது அவளுக்குத் தெரியாதா? அவள் வீட்டுச் சமையலறையில் இருப்பதே அவள் அப்பா பெயரில் வாங்கியதுதான். தெரிந்தும் எழுதினாள். சுத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதினாள். வேலுச்சாமியை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, விதியை அப்படியே விட்டிருந்தாள்.

புதன்கிழமை அதைவிட மோசம். மாறி முடிகிற வரைக்கும் இரண்டு மென்பொருளும் சேர்ந்து ஓடவேண்டும், இங்கே ஒன்றைத் திருத்தினால் அங்கேயும் திருந்த வேண்டும். பேரூரில் ஒரு அம்மா தன் விலாசத்தை மாற்றினார். பழையது புதியதிடம் சொன்னது. புதியது, அட, ஏதோ மாறியிருக்கிறதே என்று பழையதிடம் திருப்பிச் சொன்னது. பழையது, அப்படியா, என்று மறுபடி. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலத்துக்குள் முந்நூற்று நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் கீழே ஒரு குறிப்பு, 'மாற்றியது: மறுபக்கம்.' அந்த வரிகளைப் படிக்கும்போது பிருந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாரிணியின் பை திருப்பூர் போகும், சாயங்காலம் திரும்பும். போகும்போது இருந்த தண்ணீர் பாட்டில் வரும்போது வேறாக இருக்கும். அதைப் பிருந்தா எடுத்து வைத்துவிட்டுப் பழையதையே வைத்து அனுப்புவாள். அவன் மறுபடி புதியதை. ஒரு வார்த்தை பேசாமல், ஒன்றரை வருஷமாக. தண்ணீர் குடிக்கிறவளை யாரும் கேட்டதில்லை. இரண்டு பதிவுகளுக்குள் சண்டை வந்தால் எது வெல்லும் என்பதற்கும் விதி எழுதியாக வேண்டும். கடைசியாகத் திருத்தியது வெல்லும் என்று வைக்கலாம். அப்படி வைத்தால் அவன்தான், போன ஞாயிறு அவன்தான் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தான். விவரம் அதிகம் இருக்கிற பதிவு வெல்லும் என்று வைக்கலாம். அப்படியானால் நான், தடுப்பூசி அட்டை என்னிடம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது என்னிடம், எந்தப் பல் எந்த மாதம் விழுந்தது என்பதுகூட என்னிடம். என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. தன்னையும் அவனையும் இரண்டு கட்டங்களில் போட்டு எதை அழிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஐம்பத்தைந்து. தாரிணி பென்சிலைச் சீவுகிறாள், சீவல் தரையெல்லாம். பெருக்கச் சொல்ல வேண்டும். வேண்டாம், இப்போது அவளிடம் எதுவும் சொல்லக் கூடாது, திட்டக் கூடாது, பன்னிரண்டு வரைக்கும். சே, என்ன அம்மா நான்.

நீ எடுக்க மாட்டே. அவன் எந்த நாளை வைத்து அப்படிச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமை. வகுப்பில் தாரிணி வாந்தி எடுத்தாள், நெருப்பாகக் காய்ச்சல். பிருந்தா இதே கிரைண்டர் கம்பெனியின் கூட்டத்தில் இருந்தாள், போனைச் சத்தம் இல்லாமல் வைத்து மேஜையில் கவிழ்த்திருந்தாள். வாடிக்கையாளர் அழைத்தால் எத்தனை நொடிக்குள் எடுக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. எட்டு நொடி என்று முடிவானது. போனைத் திருப்பியபோது ஏழு தவறிய அழைப்புகள், நான்கு பள்ளியிலிருந்து, மூன்று பெயர் இல்லாத ஏதோ ஒரு நம்பரிலிருந்து. ஜெகதீசன் சாயப்பட்டறைக்குள் இருந்தானாம், அங்கே சிக்னல் கிடையாதாம். அவள் பள்ளிக்கு ஓடியபோது மணி ஒன்றே கால். காவலாளி, "பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்களே" என்றார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டரில் ஒரு அம்மா என்றார். அந்த வெயிலில், கேட்டுக்கு வெளியே, நின்ற அந்த மூன்று நிமிஷம். அலுவலக மிஸ் வெளியே வந்து சொன்னார், "ரெண்டு நம்பருமே எடுக்கலைங்க மேடம். பாப்பாவே ஒரு நம்பர் சொல்லுச்சு." அது வீட்டுக்கு எதிரே இருக்கிற ஜெயசீலி லேடீஸ் டெய்லர் நம்பர். கடைப் பலகையில் பெரிதாக நம்பர் எழுதியிருக்கும், பால்கனியில் நின்று பல் தேய்க்கிறபோது தினமும் தாரிணி பார்ப்பது அதைத்தான். கடைக்குள் வெட்டுத்துணிக் குவியல் மேல், நெற்றியில் ஈரக் கைக்குட்டையோடு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மோட்டார் சத்தம் எழுப்பிவிடும் என்று ஜெயசீலி மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார், ரவிக்கையில் குண்டூசிகள் குத்தியபடியே. பிருந்தா என்ன சொன்னாள்? நன்றி சொல்லவில்லை. "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா" என்றாள். ஜெயசீலி நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "பண்ணுனேங்க, மூணு தடவ" என்றார். குத்திக் காட்டாமல்தான் சொன்னார். அந்த நம்பரை அன்றைக்கே போனில் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இன்னும் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால் நேரம் இல்லை என்பாள், மூன்று வாரமாக நேரம் இல்லை.

அறுபத்தேழில் கோடு நின்றது. சிவப்பில் ஒரு வரி. ஒரே எண்ணுள்ள பதிவுகள் இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு, ஒன்றாக்கவா? இரண்டாயிரம் பேருக்கு ஒரே போனா? "சார்," என்றாள், குரல் தானாகவே உயர்ந்தது, "இங்க ஒரு நம்பர் ரெண்டாயிரத்து எண்ணூறு தடவை வருது. போலி நம்பர்தானே? அழிச்சிடறேன்." நம்பரைப் படித்தாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை யாரோ நிறுத்தினார்கள். "அம்மணி, அழிச்சுப்போடாதீங்க. அது என்ற நம்பருங்க." அவருடைய சொந்த நம்பர். அழிக்கும் பொத்தானிலிருந்து அவள் கையை எடுத்தாள். "கஸ்டமரு சில பேரு நம்பரு குடுக்க மாட்டேம்பாங்க. பத்து நம்பரு அடிக்காட்டி மிசினு பில்லு தராது. பின்னால கூட்டம் நிக்கும். என்ன பண்றதுங்க, என்ற நம்பரப் போட்டு உட்ருவேன்." "பன்னண்டு வருஷமாவா சார்? முதல்லயே சொல்லியிருக்கலாமே! நாலு வாரமா நான் இங்க..." "நீங்க கேக்கலீங்களே." "அவங்களுக்கு ஏதாவது ரிப்பேர்னா எப்படி?" "பில்ல எடுத்துப் பாப்பாங்க, அதுல இருக்கற நம்பருக்குக் கூப்புடுவாங்க. நான் எடுத்துருவேனுங்க. குரலக் கேட்டாலே ஆரு, எந்த ஊடுன்னு தெரிஞ்சுரும். அண்ணாச்சி கடைக்குப் பக்கத்து ஊடெல்லாம் என்ற ஆளுகதான்." பிருந்தாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. நான்கு சனிக்கிழமைகள். இந்த மனிதர் இரண்டாயிரம் வீடுகளைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உலாத்துகிறார், இவள் அவரை ஒரு பிழை என்று அழிக்கப் போனாள். "ஞாயித்துக்கிழமைகூட கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள், எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமலே. "ஞாயித்துக்கெழமதானுங்க நெறைய. இட்டிலிக்குப் போடோணுமில்ல." "எடுப்பீங்களா?" "எடுக்காம?"

ஓட்டத்தை நிறுத்தினாள். அறுபத்தேழு சதவீதம், பச்சைக் கோடு மொத்தமும் அழிந்து பூஜ்யத்துக்கு வந்தது. ஒரே நம்பர் என்றால் ஒரே ஆள் என்ற விதியை எடுத்துவிட்டாள். இன்றைக்கு முடியாது சார், அடுத்த சனிக்கிழமைதான், என்றாள். "ஆகட்டும் அம்மணி, நாங்க எங்கீங்க போயர்றோம்" என்றார் அவர். ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். இரண்டு காதும் திறந்ததும் வீட்டுச் சத்தம் முழுசாக உள்ளே வந்தது, மின்விசிறி, தெருவில் காய்கறி வண்டி, எதிரே தையல் மெஷின், கீழே பென்சில் தாளில் தட்டுகிற சத்தம். மணி பதினொன்று நாற்பத்தேழு. திரையில் பொன்னுச்சாமியின் பத்து எண்கள் இன்னும் இருந்தன, வரிசையாக, ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டாயிரம் தடவை. ஒரு எண் இடம் மாறியிருந்தால் இத்தனை பேரும் எந்த வீட்டைத் தட்டியிருப்பார்கள் என்று நினைத்தாள், நினைத்தவுடன் திரும்பினாள். "தாரிணி, போன் நம்பர்! உன் விடுகதை. பத்துப் பேர் வரிசையா நிக்கறது." "இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள் தாரிணி. "ஒரு க்ளூவும் தராம தெரிஞ்சா பத்து மார்க்கு. உனக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு, அதனால நாலு."

"சீட்டை எழுதிடலாமா?" குரல் சாதாரணமாக வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டாள், வரவில்லை. தாரிணி எழுந்து உட்கார்ந்தாள். "என்ன வேணா எழுதலாமா? நீயும் அப்பாவும் சண்டை போட மாட்டீங்களா?" "மாட்டோம்." "நிஜமா?" "நிஜமா. நீ எழுதறதுதான்." பிருந்தா எழுந்து சமையலறைக்குப் போனாள், பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று. காபித் தம்ளரைக் கழுவினாள். கழுவின தம்ளரை மறுபடி கழுவினாள். அவளுடைய நம்பர் ஒன்பதில் ஆரம்பிக்கும், அவனுடையது எட்டில். ஒன்பதுக்கு வட்டம் மேலே, எட்டுக்கு இரண்டு வட்டம், பென்சில் போகிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் நம்பராக இருந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டே சரி கண்ணு என்று சொல்ல வேண்டும். தன் நம்பராக இருந்தால் போனை இனிக் கவிழ்த்து வைக்க மாட்டாள், எந்தக் கூட்டமாக இருந்தாலும், சத்தியமாக. மின்விசிறி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை தாரிணி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள், வெறுங்காலில், நாலே அடியில். "முடிச்சிட்டேம்மா." பதினொன்று ஐம்பத்தாறு. பிருந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சீட்டை வாங்கினாள். முதல் கட்டத்தில் இருந்தது ஒன்பதும் இல்லை, எட்டும் இல்லை. பத்துக் கட்டங்களிலும் தாரிணி எழுதியிருந்தது எதிரே ஜெயசீலி கடைப் பலகையில் இருக்கும் நம்பர்.